குறை சொல்லி வாங்கப் போன கார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. எங்கள் வீடு வில்லியனூர் பக்கம். என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி பைக்கில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் திருவாண்டார்கோயிலில் கம்பெனி வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது. தினமும் ஆட்டோ என்றால் சம்பளம் அதற்கே போய்விடும். கம்பெனி கொடுத்த லீவோ அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். ஒரு பழைய கார் கிடைத்தால் அவர் வேலை தப்பும். கையில் இருந்தது இரண்டேகால் லட்சம். அதற்கு மேல் புரட்ட வழியில்லை.

செலியமேட்டில் கரும்பு விவசாயி ஒருவர் காரை விற்பதாகத் தெரிந்தது. இரண்டேமுக்கால் சொல்கிறாராம். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுடன் ஸ்கூட்டரில் கிளம்பினேன். பேரத்தில் அண்ணனுக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டி நன்றாக இருந்தால் குறை சொல்வார். மோசமாக இருந்தால் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு நடையைக் கட்டுவார். அதற்கேற்ப மூஞ்சியை வைத்துக்கொள்வதுதான் என் வேலை.

கார்க்காரர் மோர் கொடுத்து உட்கார வைத்தார். யாருக்கு வண்டி என்று கேட்டார். கணவரின் முதுகைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் அண்ணன் காருக்கு அடியில் போய் வந்து, கையைத் துடைத்தபடி உதட்டைப் பிதுக்கினார்.

“ஷாக் அப்சர்பர் போயிடுச்சிங்க. பள்ளத்துல எறங்கினா முதுகு தனியா வந்துடும்.”

எனக்கு உள்ளே குதியாட்டம். ஒரு குறையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டேன்.

கார்க்காரர் விலையைக் குறைக்கவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப வேணாம்மா. முதுகுல ஆபரேசன் பண்ணவர ஒக்கார வெக்கற வண்டி. தெரிஞ்சே எப்பிடி குடுக்கறது?”

அண்ணன் பதறிப்போய், “அவ்ளோ மோசம் ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

“இப்பதான முதுகு தனியா வந்துடும்ன?”

முழு விலையைக் கொடுத்தாலும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்மைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்கூட்டரைத் திருப்பினேன். நாங்கள் போய் நின்றபோது அவர் பாகூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, ஷாக் அப்சர்பர் மாற்ற என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, விலையை இறக்கத்தான் அப்படிச் சொன்னோம் என்றேன். அவர் போனை அணைத்துவிட்டு என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார்.

“மாடு வாங்கப் போனா இவுரும் இதத்தாம்மா பண்ணுவாரு. புடிச்ச மாட்டத்தான் பல்லு சரியில்ல, நட சரியில்லம்பாரு.”

கார்க்காரருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “மாட்டுல தெரிஞ்சது கார்ல தெரியாம பூட்ச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “கையில இன்னாதான் இருக்கு? உள்ளத சொல்லு” என்றார்.

“ரெண்டேகால்.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் வூடு போய் சேந்திருப்பியே.”

ஆனாலும் உடனே பணம் வாங்கவில்லை. மறுநாள் அவரே காரை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். கணவரை முன்னால் உட்கார வைத்து, என்னை ஓட்டச் சொல்லி, தான் பின்னால் ஏறிக்கொண்டார். கார்க்காரரை அவர் ஊரில் விடப் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பயந்து பயந்து கணவரின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் வலியால் சரியாகத் தூங்காத மனிதர், பாகூர் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

“இப்ப துட்டு குடு” என்றார் பின்னாலிருந்தவர், கணவர் எழுந்துவிடாதபடி மெல்லிய குரலில்.

இன்றும் அந்தக் காரில்தான் கணவரை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். வண்டியில் ஏதாவது கோளாறு உண்டா என்று யாராவது கேட்டால், “வாங்கப் போனவங்ககிட்டதான் இருந்துச்சு” என்பார் கணவர். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் அன்று அந்தத் தெருமுனையில் திரும்பாமல் போயிருந்தால், ஒரு நல்ல காரை மட்டுமல்ல, ஒரு நல்ல மனிதரையும் குறை சொல்லியே இழந்திருப்பேன் என்று ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.