எட்டுக் குதிரை, ஒரு கழுதை, ஒரே ஊசி

என் மாமனார் தன் மனைவி குடித்த டம்ளரில் முப்பத்தாறு வருடமாகத் தண்ணீர் குடித்ததில்லை. எச்சில் என்றால் அப்படி ஒரு அருவருப்பு. பேத்தி ஆசையாகக் கடித்துக் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், பிறகு யாரும் பார்க்காதபோது காக்காய்க்குப் போட்டுவிட்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "என்னைக் கட்டிக்கிட்டதே கையுறை போட்டுத்தான்" என்பாள் என் அத்தை.

இந்த மனிதர்தான் எட்டுக் குதிரை லாயத்தில் ஒரே ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

அவர் குதிரையேற்றப் பள்ளி லாயத்தில் கம்பவுண்டர். கஞ்சத்தனம் இல்லை, அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. புது ஊசி முரடு, பழகிய ஊசிதான் குதிரைக்கு வலிக்காது என்பார். அதைச் சாணைக்கல்லில் தீட்டி, ஒரு குதிரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். மாதம் ஒருமுறை சத்து ஊசி. குதிரைகள் நிற்கும் தடுப்புகளில் முதல் தடுப்பில் தொடங்கி எட்டாவதில் முடிப்பார். கடைசியாகப் பின்வாசலுக்குப் போய், புல்லுக்காரம்மாவின் கழுதைக்கும் ஒன்று இலவசமாகப் போடுவார். அந்தம்மா கழுதை முதுகில்தான் லாயத்துக்குப் புல் கொண்டுவருவாள். தர்மம் தலைகாக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

ஒரு மாதம், ஊசி போட்டுப் பதினைந்து நாள் கழித்து, மூன்றாம் தடுப்புக் குதிரைக்குக் காய்ச்சல் வந்தது. ஈறு மஞ்சளாகிவிட்டது. நான் கால்நடை ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவள். கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுவுக்குள் நான்கு நான்காகக் கூடி உட்கார்ந்திருந்தன ஒட்டுண்ணிகள், வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள் மாதிரி. சாதாரணமாக இவற்றைக் குதிரைக்குக் குதிரை கொண்டுபோவது உண்ணி.

உண்ணி என்றதும் மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. நேரே பின்வாசலுக்குப் போனார். குதிரைக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"உன் புல்லுலதான் உண்ணி வந்திருக்கு! கழுதைய ஒரு நாளாவது தேய்ச்சுக் குளிப்பாட்டியிருக்கியா? ஊரான் வீட்டுக் குதிரையெல்லாம் சாகணுமா?"

மறுநாள் பார்த்தால் அந்தம்மா கழுதையின் காதுக்குள் விரல் விட்டு உண்ணி தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கழுதைக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. மேனேஜருக்கு அதுவே போதுமான சாட்சி. "வெள்ளிக்கிழமைக்குள்ள கழுதைய முடிச்சிடுங்க. இல்லேன்னா அந்தம்மா புல்லே நமக்கு வேண்டாம்" என்றார். கழுதை போனால் புல்லை யார் சுமப்பது என்பது மேனேஜர் யோசிக்கிற ரகத்து விஷயம் இல்லை. முடிக்கிற வேலையும் என் மாமனாருக்குத்தான்.

நான் எல்லா ரத்தத்தையும் பார்த்து முடித்தேன். ஒன்றாம் தடுப்பு சுத்தம். இரண்டாம் தடுப்புக்கு அந்த மாதம்தான் வந்திருந்த கிழட்டுக் குதிரையிடம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அது வெகுநாள் பழக்கம் போல நோகாமல் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு, கழுதை. ஐந்து மட்டும் தப்பித்துவிட்டது. புல் எல்லாருக்கும் ஒரே புல்தான். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன்.

"மாமா, அஞ்சாம் நம்பருக்கு நீங்க ஊசி போடுறதில்லையா?"

"அது கடிக்கும்மா. ரெண்டு வருஷமா அதைத் தொடுறதே இல்ல." சொல்லிவிட்டு என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். இரண்டிலிருந்து எட்டு வரை விரலை ஓட்டினார். "ஸ்பிரிட்ல தொடைச்சேனேம்மா."

"வெளிய தொடைச்சீங்க. ஊசி ஓட்டைக்குள்ள நிக்கிற ரத்தத்தை எந்தப் பஞ்சு மாமா தொடைக்கும்?"

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, நோயையும் கொடுத்துப் பழியையும் போட்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஆனாலும் பாவமாக இருந்தது.

காலையில் இருவரும் மேனேஜரிடம் போனோம். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"நாப்பது வருஷக் கை சார் உங்களது! ஒரு கழுதைய காப்பாத்த இவ்வளவு பெரிய பழிய ஏத்துக்கிறீங்களே. சரி, உங்க மனசுக்காக விட்டுடறேன்."

நான் சீட்டை நீட்டினேன். "மாமனாருக்கு ஏத்த மருமக" என்று சிரித்தார். அதைப் படிக்கவே இல்லை.

"திட்டு வாங்கப் போனேன், பாராட்டிட்டான்" என்று வெளியே வந்து முனகினார் மாமனார். ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வழியில்லாத அளவுக்கு நல்ல பேர் எடுத்திருந்தார் மனுஷன்.

பின்வாசலில் புல்லுக்காரம்மாவிடம் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். சந்தேகப்படவே இல்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டுனீங்கல்ல அண்ணே? இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

குதிரைக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். "கேக்கல" என்றாள் அவள். திரும்பச் சொன்னார். "பெரிய மனசுய்யா உங்களுக்கு" என்றான் ஒருவன். "பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பண்ணேன்" என்று அவன்மேல் எரிந்து விழுந்தார்.

கழுதைக்கு மருந்தை அளவு குறைத்துப் போடச் சொல்லியிருந்தார் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர். மாமனார் புது ஊசியை உறையோடு எடுத்து அவளிடம் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்து என்னிடம் கொடுத்தாள்.

"இந்தப் பொண்ணு போடட்டும்."

எனக்கு ஊசி போட்டுப் பழக்கமில்லை, கை கனம். கழுதை துள்ளியது. மாமனார் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.