ஆறு கட்டையும் கறுப்பு டேப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பீடோரில் ஒரு மண்டபத்தில், என் குரல் உடைந்தது.

சபை நிறைந்த பிறகு அல்ல. அந்த மட்டும் ஆண்டவன் காப்பாற்றினான். மைக் டெஸ்ட் நேரத்தில். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களும் பின்னால் மீஹூன் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்த கேட்டரிங்காரர்களும்தான் கேட்டார்கள். ஆனாலும் என்ன... நான் கேட்டேனே!

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சனி, ஞாயிறு பழைய பாட்டுப் பாடுகிறேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பிறந்த நாள் விருந்து, கோயில் திருவிழா – ஒரு மைக்கும் நாலு பெரியவர்களும் இருக்கிற இடமெல்லாம் என் இடம். பாடுவது மட்டுமா வேலை? பாட்டுக்கு நடுவில் “வெள்ளைக் கார்க்காரர் கொஞ்சம் வண்டியை நகர்த்துங்க, கேக் வண்டி உள்ளே வரணும்” என்று அறிவிப்பதும் நான்தான். அதையும் சுருதி பிசகாமல் சொல்வேன்.

சுருதி என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமா? பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் – “படத்தில் எந்தச் சுருதியோ, மேடையிலும் அதே சுருதி. அதில் பாட முடியாத நாளில் மைக்கைக் கீழே வைத்துவிடுவேன்.” பெரிய சபதம். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

சரி, பீடோருக்கு வருவோம்.

அன்று நடந்தது ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்காரர்களின் ஒன்றுகூடல். தோட்டம் இப்போது இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மண்டபம் எடுத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, பாட்டு வைத்துக் கூடுகிறார்கள். ஏற்பாடெல்லாம் ஜெயா என்ற பெண். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு பாட்டைச் சொல்லி, “அந்தப் பாட்டுக்காகத்தான் அக்கா ஒங்கள கூப்புடுறோம்” என்று மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

எந்தப் பாட்டு? பேர் வேண்டாம். சொன்னால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்வது காதில் ஏறாது. சரணத்தில் மேலே மேலே ஏறி, உச்சியில் போய் ஓர் இடத்தில் அப்படியே நிற்குமே, அந்த மாதிரிப் பாட்டு. ஆறு கட்டை. கட்டை என்றால் எங்கள் தொழிலில் சுருதியின் உயரம். எண் கூடக்கூடத் தொண்டைக்கு வேலை கூடும்.

எங்கள் குழு சின்னது. நான், கீபோர்டு மணி அண்ணன், தபலா யூசுப் பாய். பாய் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலையில் ரொட்டி சானாய் தட்டிய கையோடு வந்து தபலா தட்டுவார். மணி அண்ணனுக்கு அந்த வாரம் கண்புரை ஆப்பரேஷன். பதிலுக்கு பீடோரிலேயே இருக்கிற லியோங்கை ஏற்பாடு செய்திருந்தார். லியோங் தன் கீபோர்டோடு வந்திருந்தார். அவருக்குக் கொய்யாத் தோட்டம். தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நம் பாட்டெல்லாம் ரெக்கார்டு கேட்டே கற்றுக்கொண்டவர். கை சுத்தம். பேச்சில்தான் நம் ஊர் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

“லியோங், ஆறு கட்டை” என்றேன். ஆரம்பித்தார்.

பல்லவியிலேயே ஏதோ இறுக்கமாக இருந்தது. ஏர்கோன் குளிர் என்று நினைத்தேன். சரணம் வந்தது. ஏறினேன். உச்சியில் போய் நிற்க வேண்டிய இடத்தில் குரல் விரிந்து, இரண்டாகப் பிளந்து, காற்றுதான் வந்தது. மீஹூன் கிளறினவர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சுடுதண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை. மறுபடியும் அதே.

இதற்குள் லியோங் வேறு பக்கம் திரும்பிவிட்டார். “பாய், ஒங்க தபலா சுருதி சேரல லா. ரொம்ப கீழ இருக்கு.”

யூசுப் பாய் தபலா சுருதி விலகியா? பாய் குழம்பில் உப்பு மறந்தாலும் மறப்பார், தபலாவைச் சுருதி சேர்க்க மறக்க மாட்டார். வீட்டிலேயே சேர்த்து, துணி சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வருகிறவர். நான் திரும்பிப் பார்த்தேன். பாய் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாய்?”

“ஒண்ணுமில்லக்கா.”

“தபலா எத்தன கட்டையில இருக்கு?”

“அஞ்சுக்கா...”

“நான் பாடுறது ஆறாச்சே!”

பாய் தபலாத் துணியை மடிக்க ஆரம்பித்தார். லியோங்தான் ஒன்றும் புரியாமல், “நீங்க சொன்ன ஆறுதானே அக்கா வச்சிருக்கேன், ரெக்கார்டுல உள்ள மாதிரியே லா” என்றார்.

அப்போதுதான் எனக்கு மணி அண்ணனின் கீபோர்டு மனக்கண்ணில் வந்து நின்றது. அதில் ஒரு சின்னத் திரை உண்டு. சுருதியைப் பட்டனால் ஏற்றி இறக்கினால், எவ்வளவு என்று அதில் காட்டும். அந்தத் திரைமேல் அண்ணன் ரொம்ப நாளாகக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார். “திரை கெட்டுப்போச்சு” என்பார். நானும் நம்பினேன். மேடையில் “ஆறு கட்டை” என்பேன். “ஆறுதான்” என்று தலையாட்டுவார். பட்டனை அமுக்கி ஐந்து கொடுப்பார். பாய் தபலாவை ஐந்துக்குச் சேர்த்துக் கொண்டுவருவார்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும் – பாடுகிறவளுக்குத் தன் சுருதி தெரியாதா? தெரியாது! காதில் கொடுக்கிற சுருதியோடு சேர்ந்து பாடுவோம், அவ்வளவுதான். அளந்து பார்க்காமல் யாருக்குத் தன் எடை சரியாகத் தெரிகிறது?

அங்கேயே நின்று மணி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு சரசு. இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியுது” என்றார்.

“எனக்கும் இப்பத்தான் தெரியுது. எப்பலேர்ந்து அண்ணே என்ன எறக்கி வச்சிருக்கீங்க?”

“யாரு சொன்னா?”

“தபலா சொல்லுச்சு.”

பெருமூச்சு கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். “கொரோனா முடிஞ்சு மொத நிகழ்ச்சி சரசு. மேல போறப்ப ஒன் கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நின்னுச்சு. பாக்க முடியல. அடுத்த தடவ அரைக் கட்டை எறக்குனேன். நீ கண்டுக்கல. அப்புறம் இன்னும் அரை. லியோங்கிட்ட பாய் சொல்லிருவாருன்னு நெனச்சேன்...”

பாயோ மணி அண்ணன் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். ரகசியம் காப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணே?”

“சொன்னா எறக்கிப் பாடுவியா நீ? பாட்டையே விட்டுருவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?”

போனை வைத்துவிட்டேன். பெரிய நிகழ்ச்சிக்கு மட்டும் வருகிற கிட்டார்காரருக்குக்கூடத் தெரியுமாம், பாய்தான் சொன்னார்! எனக்கு மட்டும்தான் தெரியாது. கோபம் வந்தது என்று எழுதினால் பொய். அவமானமாக இருந்தது. இந்த ஊர் முழுக்க மார்தட்டிக்கொண்டு திரிந்தவளை இரண்டு ஆண்பிள்ளைகள் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலே. மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

சபதம் சபதம்தானே? அந்த நாள் வந்துவிட்டது. வந்து சில வருடங்களும் ஆகிவிட்டன. ஜெயாவைக் கூப்பிட்டேன்.

“ஜெயா, அந்தப் பாட்ட மட்டும் விட்டுருவோம். மத்தத பாடிர்றேன். இன்னையோட நான் மேடைய விடுறேன்.”

ஜெயா முகம் சுருங்கியது. “என்னக்கா இது... தோட்டத்துல எந்தக் கல்யாணம்னாலும் பொண்ணு அழைப்புக்கு அந்தப் பாட்டுதான் ஸ்பீக்கர்ல ஓடும். அதுக்குன்னே ஜொகூர்லேர்ந்து ஆளு வந்துருக்கு.”

“ஆறு கட்டையில என்னால முடியலம்மா.”

“எத்தன கட்டைன்னு எங்களுக்கு என்னக்கா தெரியும்? எங்களுக்குப் பாட்டுதான் தெரியும்.”

சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு ஆயிரம் வேலை.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா? பழக்கம். அந்தப் பாட்டையே முணுமுணுத்திருக்கிறேன், சுருதி இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல். மேடையிலிருந்து கீபோர்டில் ஒரே ஒரு ஸ்வரம் மெல்ல வந்து என் குரலோடு ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை வழியாக லியோங் தலையை நீட்டினார்.

“அக்கா, நீங்க இப்ப பாடுறது நாலு கட்டை. நல்லா இருக்கு லா. இதையே வச்சுக்கலாமா?”

நாலு! மணி அண்ணன் திருட்டுத்தனமாகக் கொடுத்ததைவிடவும் ஒரு கட்டை கீழே. கௌரவமாக மறுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொண்டை வலிக்கவில்லை. ரொம்ப நாளாக வலித்துக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிப்பதும், “ஏய், நீ மண்டோர் வீட்டுப் புள்ளதானே?” என்று பழைய தோட்டத்து மேஸ்திரியை நினைவுபடுத்திக் கத்துவதுமாக ஒரே சத்தம். சுலபமான பாட்டுகளைப் பாடி முடித்தேன். கடைசியாக அந்தப் பாட்டு. மைக்கைப் பிடித்தேன்.

“இந்தப் பாட்ட ஆறு கட்டையில பாடுறவள்னு என்னப் பத்தி நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப எட்டல. என் தொண்டைக்கு வயசாயிருச்சு. நாலு கட்டையில பாடப் போறேன். பிடிக்கலன்னா மன்னிச்சிருங்க.”

பின் மேசையிலிருந்து ஒரு பெண் குரல்: “எங்களுக்கு மட்டும் என்ன பதினாறா? பாடுங்கக்கா!”

மண்டபமே சிரித்தது. யூசுப் பாய் எல்லார் கண் முன்னாலும் தபலாவைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி, பாவம்.

பாடினேன். பல்லவி முடியும்போதே கூடவே ஏதோ கேட்டது. ஸ்பீக்கர் எதிரொலி என்று நினைத்தேன். இல்லை. முன் மேசையில் ஒரு அம்மா, கையில் கோழி வறுவலோடு, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். அதற்கடுத்த மேசை. அதற்கடுத்தது. சரணம் வந்தது. ஏற ஆரம்பித்தேன்... என்னோடு மண்டபமும் ஏறியது.

இத்தனை வருடமாக அந்த உச்சியில் நான் தனியாகத்தான் நின்றிருக்கிறேன். அந்த இடம் வந்தால் சபை கப்சிப்பென்று ஆகிவிடும். மெய்ம்மறந்து கேட்கிறார்கள் என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர்களுக்கு அங்கே எட்டவில்லை, ஐயா! பாடிப் பார்த்து, தொண்டை அடைத்து, மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நானோ அதைப் பக்தி என்று கணக்கில் வைத்திருக்கிறேன்.

அன்று உச்சியில் நூறு பேராவது நின்றிருப்போம். பாதிப் பேருக்குச் சுருதி இல்லை. ஒருவர் அரை வரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அதைவிட நன்றாக அந்தப் பாட்டை நான் கேட்டதே கிடையாது. சந்தோஷத்தில் என் குரல் கடைசி வரியில் உடைந்தது. யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தபோது அந்தப் பின் மேசைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, இன்னும் சொரசொரப்பு போகவில்லை.

“ஒங்க பாட்ட எத்தனையோ கல்யாணத்துல கேட்டுருக்கேன்க்கா. இன்னைக்குத்தான் ஒங்களோட பாடுனேன்.”

நானும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேடையை விடுவதைப் பற்றி யாரிடமும் மறுபடி பேசவில்லை. ஜெயா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் மணி அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு நன்றியும் சொன்னேன். அவர் திட்டை நன்றாகத் தாங்கிக்கொண்டார். நன்றிக்குத்தான் தடுமாறினார். பிறகு மெல்லக் கேட்டார்: “நாலரை வச்சுப் பாப்போமா சரசு? ஒன் கௌரவத்துக்கு...”

“நாலுதான் அண்ணே.”

வரும் சனிக்கிழமை பாகான் செராயில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் பாடுகிறேன். வருகிறவர்கள் வீட்டிலேயே சுடுதண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் – உச்சியில் எனக்கு ஆள் வேண்டும்!