ஜரீனா அக்கா சொல்லாமல் வைத்திருந்தது

மயிலம் பரிசோதனை முகாமுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோதுதான், எங்கள் மூத்த நர்ஸ் ஜரீனா அக்காவின் மகன் போன் செய்தான். "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி." காலைத் தொழுகை முடித்து உட்கார்ந்தவருக்கு மாரடைப்பு. முந்தின நாள் மாலைதான், முகாமுக்கு ஜல்தியாக வந்து சேர் என்று என்னை விரட்டியிருந்தார். பாதி வழியில் இறங்கி, கோட்டக்குப்பத்துக்கு பஸ் மாறினேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் பெண்களை வரவழைக்க நாங்கள் பட்ட பாடு. உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியை வெதுவெதுப்பான நீரில் காட்டிய பிறகே அக்கா கையில் எடுப்பார். நேரமாகிறதே என்று நான் முணுமுணுத்தால் முறைப்பார். "ஜில்லுன்னு வெச்சா எவ மறுபடியும் வருவா?"

காணையில் ஒரு மாமியார் மருமகளின் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஆடித் தீர்த்துவிட்டார். எச்.பி.வி. கிருமி இருக்கிறதாம், அது உறவில்தான் தொற்றுமாம், அப்படியானால் இவள் எங்கே போனாள்? மருமகள் சுவரோரம் நின்று அழுதாள். அக்கா அந்தம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதும்மா. நெறைய பேருக்கு வந்து தானாவே போயிடும். சில பேருக்குத்தான் வருசக்கணக்கா உள்ளயே குந்திக்கினு இருந்து கேன்சர்ல கொண்டாந்து விடும். அதுக்கு முன்னாடி புடிக்கத்தான் இந்த டெஸ்ட்டு. பஞ்சாயத்து பண்றதுக்கு இல்ல."

பக்கத்தில் நின்று கேட்டவள்தான் நான். கேட்டு என்ன பயன்? அடுத்த வருடம் எனக்கே கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு, மேல் பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பயம். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் நர்சம்மாவின் லட்சணம் இது!

மேல் பரிசோதனைப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே வெறுமையாகக் கிடந்ததை அக்கா பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணித் தூக்கோடு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" நான் அவரைத்தான் கைகாட்டினேன். காணையில் சொன்னதையே என் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அவர், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை என்றார்கள். சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறேன். அக்கா அன்று வராமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ முகாம்கள். தயங்குகிற பெண்களிடம் மணிக்கணக்கில் பேசி அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே நான் நிற்பேன். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் மண்டகப்பட்டில் முகாம். ஒரு பெண் உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். "எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க பாத்துக்கினீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல அக்கா இல்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள்.

"பாத்துக்கினேன். எனக்கும் இருந்துச்சு" என்றேன்.

எனக்காக அவர் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததுதான் அவர் எனக்கு விட்டுப்போனது. இனி அதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.  அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.