பூஜைத் தட்டில் இருந்த பிடிகட்டை

ஹரிணாட்சி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மங்களூர் பக்கத்தில் எங்கள் புத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் என் ஆட்டோ நிற்கிற இடத்திலிருந்து அவள் கடை நேராகத் தெரியும். சாப்பாடுகூட நின்றபடிதான். ஒரு வாய் நீர்தோசை, ஒரு எட்டு மிஷின் பக்கம், மறுபடி ஒரு வாய். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். "கொஞ்சம் உட்காருங்க மாராய்த்தி, மிஷின் ஒண்ணும் எழுந்து ஓடிடாது" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே. மாராயா, மாராய்த்தி என்றால் எங்கள் பக்கத்தில் ராசா, மகராசி என்கிற மாதிரி.

சுள்யா பக்கத்துப் பெண். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். மங்களூரில் ஏறி இறங்கின கம்பெனியிலெல்லாம், "பொம்பளைக்கு லேத் எதுக்கு, ஆபீஸ்ல உட்காரு" என்றார்களாம். உட்காரச் சொன்னால் இவள் எங்கே இருப்பாள்? கல்யாணமாகி தாமோதரனின் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தாள். ஏதோ ஒரு கல்லூரியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, தாமோதரனின் ஸ்கூட்டரை விற்று ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து கடையில் வைத்தாள். அன்றிலிருந்து அவன் நடந்துதான் வருகிறான். அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அந்த இயந்திரத்துக்கு எங்கள் ஊரில் பெயர் நூல் மிஷின். ஒரு பக்கம் பிளாஸ்டிக் நூலை உள்ளே இழுக்கும், உருக்கும், கோலம் போடுகிற மாதிரி கோட்டுக்கு மேல் கோடாக வைத்துச் சாமானைக் கீழிருந்து எழுப்பும். மிக்ஸியின் உடைந்த பல், காது கேட்கிற கருவியின் கொக்கி, கம்பெனிக்காரன் கைவிட்ட எந்தத் துண்டானாலும் ஹரிணாட்சி அளந்து, வரைந்து, செய்து கொடுத்துவிடுவாள். மர அறுவை மில்லில் இரண்டு விரலை இழந்த ஒருவனுக்கு விரலே செய்து கொடுத்தாள். அவன் அந்தக் கையால் பீடி பற்றவைத்ததை பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது.

வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள். ஒருவன் செல்போனில் ஒரு சாவியின் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றான். யார் வீட்டுச் சாவி என்று கேட்டதற்குச் சிரித்தான். அவள் போட்ட சத்தத்தில் நானே ஆட்டோவை விட்டு இறங்கி ஓடினேன். அப்புறம் பல நாள் அதே பேச்சுதான் அவளுக்கு. "கேசவண்ணா, இது நல்லது கெட்டது பார்க்காது. என்ன சொல்றோமோ அதைச் செஞ்சு வச்சுடும். என்கிட்ட கேட்டான், நான் துரத்திட்டேன். அடுத்த கடைக்குப் போனா?"

இந்தப் பயம் உள்ளவளுக்குத்தான் சேஷப்பாவின் வேலை வந்தது.

சேஷப்பா பாக்கு மரம் ஏறுகிறவர். ஏறி ஏறி முட்டி இரண்டும் போய்விட்டது. இப்போது இயந்திரம் இருந்தால்தான் ஏற்றம். மிதித்து மிதித்து மேலே போகிற இயந்திரம் அது. மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக் கயிறு வரும். அதன் நுனி உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிடிகட்டை ஒன்றில் மாட்டிக்கொள்ளும். கட்டை விட்டால் கயிறு விடும், கயிறு விட்டால் ஆள் கீழே. இடுப்பில் தனியாகக் கயிறு கட்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லை. அந்தக் கட்டை விரிசல் விட்டிருந்தது. செய்த கம்பெனியோ மூடிப்போய்விட்டது. அறுவடை ஆரம்பிக்கிற சமயம், இயந்திரம் முடங்கினால் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

ஹரிணாட்சி இரண்டு கட்டை செய்தாள். முதலாவது அளவு பார்க்க. நூல் மிஷினில் ஒரு வசதி உண்டு: உள்ளே எவ்வளவு நிரப்புவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். முழுக்கக் கெட்டியாகவும் நிரப்பலாம். தேன்கூடு மாதிரி மெல்லிய சுவர்களை மட்டும் எழுப்பி மேலே மூடியும் விடலாம். அளவு பார்க்கிற கட்டையை அப்படித்தான் கூடாகச் செய்தாள், சீக்கிரம் முடியும் என்று. கயிறு சரியாக மாட்டியது. பிறகு கெட்டியான நல்ல நூலில் இரண்டாவதைச் செய்து, காகிதத்தில் சுற்றி, சேஷப்பா என்று எழுதி டிராயரில் வைத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினை நிறுத்தித் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, தான் செய்த சாமான்களில் சிலவற்றை ஒரு தட்டில் வைத்துக் குங்குமம் இட்டாள். தட்டில் அந்தக் கூடு கட்டையும் இருந்தது. பார்வைக்குத்தானே என்று வைத்திருக்கிறாள், பாவம்.

மறுநாள் விஜயதசமி. நான் டீ குடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். கத்தரிக்கோல் தேடி டிராயரைத் திறந்தவள் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, சேஷப்பண்ணன் இன்னும் வரலையா?"

"வந்தாரே" என்றான் தாமோதரன். "கடை திறக்கறப்பவே வந்து நின்னாரு. தட்டுல இருந்ததை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"தட்டுல இருந்ததையா?"

"டிராயர்ல இருக்கு, எடுத்துத் தரேன்னுதான் சொன்னேன். பூஜை பண்ணினது கண்ணு முன்னால இருக்கறப்ப வேற எதுக்குன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானே?"

சேஷப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. குங்குமம் வைத்த சாமான் தட்டில் இருக்க, எவன் டிராயரில் கிடப்பதை வாங்குவான்? நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அவள் செருப்புகூடப் போடவில்லை. பொட்டலத்தோடு வந்து என் ஆட்டோவில் ஏறிவிட்டாள். டீ பாதி டம்ளரில் நின்றது. பெட்டம்பாடி பக்கம் அவர் வீடு. வழியெல்லாம் போன் அடித்தாள். கடைசியில் அவர் மனைவி எடுத்தாள்.

"போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு அக்கா. நாள் நல்லா இருக்கு, நூஜி பட்டர் தோட்டத்துல முதல் குலையை இறக்கறேன்னு போனாரு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். பிறகு என் தோளை உலுக்க ஆரம்பித்தாள். "வேகமா போங்க கேசவண்ணா."

"ரோடு இருந்தாத்தானே போறதுக்கு. தோளை விடுங்க, வண்டி பள்ளத்துல இறங்கிடும்."

"அவர் விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அந்த அம்மாவுக்கு என்ன சொல்லுவேன்?"

  பட்டர் தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

தோட்டத்துக்குள் வண்டி போகாது. வரப்பில் ஓடினோம். சேஷப்பா உச்சியில் இருந்தார். கீழே ஏற்கெனவே குலைகள் கிடந்தன. ஹரிணாட்சி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கத்தாதீங்க. யாருன்னு பார்க்கத் திரும்பினா பாரமெல்லாம் ஒரு பக்கம் சாயும்."

நின்றோம். அவர் பாட்டுக்கு நிதானமாக ஒரு குலையை அறுத்துப் போட்டார், வெற்றிலை எச்சிலைத் துப்பினார், இறங்க ஆரம்பித்தார். இயந்திரம் ஒவ்வொரு முறை 'டக்' என்று கீழே உட்கார்ந்தபோதும் அவள் கண்ணை மூடினாள். இத்தனை மெதுவாக ஒரு மனுஷன் இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்கோபமாக வந்தது.

கால் தரையில் பட்டதும் அவள் பாய்ந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல இனி ஏறக்கூடாது. கட்டை மாறிப்போச்சு. கழட்டுங்க."

"நல்லாத்தானே பிடிக்குது அக்கா. பூஜை பண்ணினதாச்சே."

அவள் தானே கழற்றினாள். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. மூலையைக் காட்டினாள். கயிறு உட்காருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. "பாருங்க, விரிசல் விட ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லி, அதைப் பாறையில் வைத்து ஒரு கல்லால் அடித்தாள். ஒரே அடிதான். கட்டை பிளந்தது. உள்ளே கூடு கூடாக வெறும் காற்று.

சேஷப்பா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.  "இதை நம்பியா அங்க போனேன்" என்று மெல்லச் சொன்னார். ஹரிணாட்சி அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். "இதுதான் உங்களுக்குச் செஞ்சது. முழுக்கக் கெட்டி. தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தார். "கனமாத்தான் இருக்கு." திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடமே நீட்டினார். "இதையும் உடைச்சுக் காட்டுங்க."

"உடைச்சுட்டா எதை மாட்டுவீங்க?"

"உடைக்காம எப்படி நம்பறது அக்கா? அதுவும் வெளியில இப்படித்தானே இருந்துச்சு. உள்ள கோட்டுக்குக் கோடு ஒட்டியிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாராயா, போட்டது போட்டபடி கடையை விட்டுட்டு வெறுங்காலோட ஓடி வந்திருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நீ சீட்டுல உட்கார்ந்து ஓட்டற ஆளு கேசவா. உனக்கென்ன" என்றார் அவர்.

 ஹரிணாட்சி கெட்டிக் கட்டையை இயந்திரத்தில் பொருத்தினாள். கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டினாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு உறைப்பதற்குள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மிதிகட்டையில் ஏறிவிட்டாள். மாடிப்படியில் நின்றாலே சுவரைப் பிடிக்கிறவள் அவள்.

"இறங்குங்க மாராய்த்தி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். கத்தக்கூடாது என்று சொன்னவனே நான்தான். அவள் கன்னத்தை மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு மிதித்தாள். ஆள் உயரம் தாண்டினாள். இரண்டாள் உயரம் தாண்டினாள்.  சேஷப்பா அண்ணாந்து பார்த்தபடி, "போதும் அக்கா. நம்பறேன். இறங்குங்க" என்றார்.

இறங்கினாள். உள்ளங்கை இரண்டும் சிராய்த்துப் போயிருந்தன. "நான் உங்களைவிடக் கனம் கம்மி" என்றாள். "இது போதாது. அந்தச் சாக்குல பாக்கைப் போட்டு என் முதுகுல கட்டுங்க."

"நம்பறேன்னு சொல்லிட்டேனே."

"நீங்க நம்பறது இருக்கட்டும். கட்டுங்க."

கட்டினார். வேறு என்ன செய்வார்? அவள் சாக்கோடு மறுபடி ஏறி, முன்னைவிட மேலே போய், அங்கே நின்று உடம்பைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, குலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்து வரப்பில் வாந்தி எடுத்தாள்.

சேஷப்பா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு ஏறினார். கட்டை பிடித்தது. அவர் ஒரு மரம் முடித்து அடுத்த மரம் போனார். நான் வண்டியைத் திருப்பலாமா என்றேன். அவள் அசையவில்லை. அவர் ஏறின மரத்தின் கீழே அண்ணாந்தபடி நின்றாள்.

"தள்ளி நில்லுங்க, குலை தலைல விழும்" என்றார் மேலிருந்து. ஒரு எட்டு தள்ளி நின்றாள், அவ்வளவுதான்.

வெயில் சாய்கிற வரைக்கும் இதே கதை. சவாரி போனது போகட்டும் என்று நானும் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சேஷப்பாவே கீழே வந்து அவள் எதிரில் நின்றார்.

"அக்கா, நீங்க செஞ்ச சாமான் இந்த ஊர் பூரா இருக்கு. எல்லாத்துக்கும் கீழ போய் நிப்பீங்களா?"

 அவர் இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.