சனிக்கிழமைகளில் அவர் எங்களுக்கு இல்லை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரது ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவரைச் ‘சார்’ என்று அழைத்தவர்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றும் வருகிறது.

அண்ணன் பிறந்தது தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வட்டவளையில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா அட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்தார். அண்ணன் ஆங்கிலப் பள்ளியில் படித்து, கொழும்புக்குப் போய்க் கணக்கியல் கற்று, அங்கேயே ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கராக இருந்தார். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவர் வேலையும் போயிற்று. எங்கள் கடையிலும் வியாபாரம் படுத்துவிட்டது. அண்ணன் முகம் வாடாமல் திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. இனி அண்ணன் எங்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

பள்ளிகளில் கணக்கியலைப் பாடமாக வைக்கத் தொடங்கியிருந்தார்கள். நடத்தத்தான் ஆள் இல்லை. ஒரு தலைமையாசிரியர் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார். ஆசிரியர் வேலைக்குப் போகவிருந்த சிலருக்கு, அண்ணன் சனிக்கிழமைதோறும் கடைக்கு மேலிருந்த எங்கள் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுக்கலானார்.

அவர்களில் ஒருவர் எஸ்தர். லிந்துலையில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகள். தகப்பனாரோடு ரயிலில் வருவார். என் வயதுதான். நானோ பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். தேநீரை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்பேன்.

“புள்ளை தப்பா எழுதுனா ஒடனே தொடைச்சிடாதீங்க. ஏன் அப்படி எழுதுனேன்னு கேளுங்க. அது சொல்ற பதில்லதான் ஒங்க பாடம் இருக்கு” என்பார் அண்ணன். வீட்டில் சோற்றுக்கு உப்பு வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காதவர் அவர். அந்தப் பேச்சும் சிரிப்பும் அந்த அறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தன?

“ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?” என்று அம்மா கேட்பார்.

“அண்ணன் கண்ணுக்கு நாமெல்லாம் தெரியிறமாம்மா?” என்பேன்.

ஒரு நாள் எஸ்தர் பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. மாணவியாக உட்கார அண்ணன் என்னை அழைத்தார். எஸ்தரை மடக்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போய் உட்கார்ந்தேன். கடைக்கு வாங்கிய தராசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எஸ்தர் கேட்டார். நான் எழுந்து போய், பலகையில் அரிசி மூட்டையோடு சேர்த்துக் கொள்முதல் கணக்கில் எழுதினேன்.

“அரிசியும் காசு குடுத்து வாங்குனதுதான், தராசும் காசு குடுத்து வாங்குனதுதான். ரெண்டுக்கும் எதுக்கு வேற வேற கணக்கு?” என்றேன்.

எஸ்தரின் கை பலகையைத் துடைக்கப் போய் நின்றது.

“அரிசிய எதுக்குங்க வாங்குனீங்க?”

“விக்கிறதுக்கு.”

“நாளைக்கு ஒருத்தர் வந்து தராசக் கேட்டா விப்பீங்களா?”

“வித்துட்டா அரிசிய எதுல நிறுக்கிறது?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கே விளங்கிவிட்டது, நானே அழித்துத் தராசுக்குத் தனிக் கணக்கு எழுதினேன். அண்ணன் எழுந்து நின்று, “இதுதான் டீச்சர், இதுதான்!” என்றார். கேள்வி என்னுடையது, பாராட்டு எஸ்தருக்கு. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் அண்ணன், “நல்லாக் கேட்டே. இனி வாராவாரம் வந்து உக்காரு” என்றார். பொறாமையால் கிடைத்த இடம்தான்; அதை நான் விடவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எஸ்தர் பள்ளிப் பரிசோதகர் முன் பாடம் நடத்த வேண்டிய வேளை அது. பார்க்க வந்தவரை, “எப்படி ஆரம்பிக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டார் அண்ணன்.

“பேசாதீங்கண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கத்தினேன். மூச்சு வாங்கும் அந்தப் பேச்சையாவது எங்களுக்கென்று வைக்கக் கூடாதா என்றிருந்தது.

“இவங்க சரியாச் சொல்லலேன்னா அந்தப் புள்ளைங்க யார்கிட்ட போய்க் கேக்கும்?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ புள்ளையா உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். எஸ்தர் அழுதுகொண்டே தொடங்கினார். நான் தவறாகப் பதில் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். பரிசோதகர் முன் பாடம் நடத்தி எஸ்தர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. அதற்கடுத்த வாரம் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் தாதியருக்கும், மழையில் பாடையைச் சுமந்தவர்களுக்கும், தன் கடையைச் சாத்திவிட்டு இறுதிவரை உடன் நின்ற பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. சனிக்கிழமை வகுப்பை அதே அறையில் தொடர்ந்து நடத்திவரும் எஸ்தர் டீச்சருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணன் உங்களிடம் பேசியவற்றில் நாங்கள் அறியாதவை எவ்வளவோ இருக்கும். வீட்டுக்கு வரும்போது அவற்றைச் சொல்லுங்கள். கேட்டு என் முகம் கறுத்தாலும், நிறுத்திவிடாமல் சொல்லுங்கள்.