ஈரத் தலையோடு கடைக்கு வந்தவர்

எண்பத்தேழாம் வருடம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சலூன் வைத்திருந்தேன். மூன்று நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, ஒரு டேப் ரிக்கார்டர். என்னையும் சேர்த்து மூன்று பேர் வேலை பார்த்தோம்.

நல்ல முதலாளி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆட்கள் என்னை முதலாளி என்று கூப்பிடக் கூடாது, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும், ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான் என்று நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். என் கடையில் வேலை பார்ப்பவர்கள் சாவு வேலைக்குப் போகக் கூடாது. கிராமத்தில் சாவு விழுந்தால் கொள்ளி வைப்பவருக்கு மொட்டை போடுவதிலிருந்து பல வேலைகள் எங்கள் சாதி ஆட்களுடையவை. என் அப்பா காலமெல்லாம் அதைச் செய்து, ஒவ்வொரு வாசலிலும் கைகட்டி நின்றவர். எனக்கு அது பிடிக்காது. அதோடு, ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் பாதிச் சவரத்தில், முகம் நிறைய சோப்பு நுரையோடு எழுந்து போய்விட்டார். சவரம் செய்தவர் காலையில்தான் சாவு வீட்டிலிருந்து வந்தார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே அந்த ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது நாற்காலியில் வேலை பார்த்தவர் கச்சிராயபாளையம் பக்கத்துக்காரர். என்னைவிட நாலு வயது இளையவர். அப்படி ஒரு கை! தூங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்குக்கூட எழுப்பாமல் சவரம் செய்துவிடுவார். பேச்சுதான் கம்மி.

மறியலின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவர் பதினொரு மணிக்குத்தான் வந்தார். தலை ஈரமாக இருந்தது.

"இன்னாப்பா, இந்நேரம்?" என்றேன்.

"ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்கண்ணா. சைக்கிள தூக்கிக்கினு கரும்புத் தோட்டத்துல எறங்கி வந்தேன். ஒரே வேர்வ, அதான் வாய்க்கால்ல தலைய நனச்சிக்கினேன்."

நியாயமாகத்தான் பட்டது. அன்று பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. வந்தாரே, அதுவே பெரிது என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. மரம் வெட்டியவர்களைத் தேடி வந்திருந்தார்கள். உள்ளே வந்த அதிகாரி, கச்சிராயபாளையம் பக்கமிருந்து யாராவது இங்கே வேலை பார்க்கிறார்களா என்று கேட்டார். கடைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். நாங்கள் எந்த மறியலுக்கும் போகாதவர்கள் என்று காட்ட வேண்டும் என்ற அவசரம். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"இவருதாங்க ஐயா. ரொம்ப நல்ல மனுஷன். காலைல மரம் கெடந்த வழியாத்தான் கஷ்டப்பட்டு வேலைக்கு வந்தாருங்க."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். எந்த இடத்தில் மரம் கிடந்தது, புளியமரமா வேறு மரமா, யார் யார் நின்றார்கள் என்று கேட்டார். "சரியா பாக்கலீங்க" என்றார். மரத்தைத் தாண்டி வந்தவனுக்கு என்ன மரம் என்றுகூடத் தெரியாதா? தெரிந்தவர்களை மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜீப்பில் ஏற்றும்போது ஓடிப்போய், "உள்ளத சொல்லிடுப்பா!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் மனைவி கடைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மரம் கிடந்த பக்கமே வரவில்லை. அவர் ஊரை ஒட்டிய அணைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். வழக்கமாக அந்த வேலைக்கு வருபவர் பஸ் இல்லாமல் எங்கோ மாட்டிக்கொண்டார். பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள், வேறு ஆள் கிடைக்காமல் இவரை வந்து கெஞ்சியிருக்கிறார்கள். போய் மகனுக்கு மொட்டை போட்டு, மற்ற வேலைகளையும் முடித்து, தலைக்குக் குளித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்திருக்கிறார். மரம் வெட்டிப் போட்ட கதை அந்தச் சாவு வீட்டில் பேசிக்கொண்டதுதான்.

"சாவுக்குப் போனது தெரிஞ்சா அண்ணன் வேலைய வுட்டுத் தூக்கிடுவாருனு சொல்லிக்கினேதாங்க சைக்கிள எடுத்தாரு" என்றார் அந்தப் பெண். அதில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் போட்ட மொட்டை பளபளவென்று இருக்க, மகன் வெளியே வந்தார். இதைவிடச் சாட்சி வேண்டுமா? "இப்பவே வாங்க, ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கும் மனசு இருந்தது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. கருமாதி முடியும்வரை கொள்ளி வைத்தவர் ஊர் எல்லை தாண்டக் கூடாதாம். "பதினாறு கழியட்டுங்க, நானே வந்து சொல்றேன்" என்றார். அந்த வீட்டு வாசலில் கைகட்டி நின்று கெஞ்சினேன். நடக்கவில்லை.

நான் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். நேற்று ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்கிறாயா என்று விரட்டினார்கள். அதற்குள் அவரை வெளியூர்ச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த மகன் சொன்ன சொல் தவறவில்லை. பதினாறு முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தார். அப்போது அவர் தலையில் முடி முளைத்திருந்தது. அங்கிருந்த போலீஸ்காரர் ஒருவர், மொட்டை எங்கே என்று அதைப் பார்த்துச் சிரித்தார். காகிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார்கள். அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்தபோது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை. எப்படி ஆனது என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன்.

"ஜீப்புல ஏத்தறப்பவாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல வுட்டுருப்பாங்கண்ணா. ஆனா வெளிய வந்தா கடை இருக்காதே."

போலீஸைவிட என்னிடம் அவருக்குப் பயம் ஜாஸ்தி. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வாடிக்கையாளரிடம் தலையைக் கொஞ்சம் குனியுங்கள் என்று சொல்வாரே, அந்தக் குரலில். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

வேலைக்கு வரச் சொன்னேன். நாலு நாள் வந்தார். கத்தரிக்கோல் பிடியில் நிற்கவில்லை. நாலாம் நாள் ஒருவருடைய காதில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு, கத்தரியைக் கழுவி, துணியில் சுற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நைனார்பாளையத்தில் மாமனார் வீட்டில் மாடு மேய்க்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் எழுந்து நின்றுதான் பேசினார்.

சாவு வேலைக்குப் போகக் கூடாது என்ற பேச்சை அந்த வருடமே விட்டுவிட்டேன். சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வேன்: எங்கே வேண்டுமானாலும் போங்கள், என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், போதும். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட, சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம் சொன்னதில்லை. வயிற்றுவலி என்பார்கள், பஸ் வரவில்லை என்பார்கள். நானும் தலையாட்டுவேன். ஒருவருக்கு என்னிடம் உண்மையைச் சொல்லப் பயமாக இருந்ததால் அவர் கை போனது; அந்தப் பயத்தை என் கடையிலிருந்து எப்படி வெளியே அனுப்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.