சிலுவைக்கு மேலே ஒரு வெறும் பலகை

தேவசகாயம் தாத்தா இன்று காலை இறந்துவிட்டார்... சாயங்காலமே அடக்கம். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூர் சர்ச்சில் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சிலுவைப் படம் அவர் வரைந்தது. ரேணிகுண்டாவில் ரயில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதினவர் என்றுதான் பலருக்குத் தெரியும். ஆர்ட்டிஸ்ட் என்று யாரும் சொன்னதில்லை.

போன வருஷம், நைன்த் படிக்கும்போது, சர்ச் விழா மலருக்கு அந்தப் படத்தின் சிம்பல்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். லைப்ரரி புக்ஸ் எல்லாம் புரட்டி... சிலுவைக்கு அடியில் இருக்கும் மண்டை ஓடு ஆதாமுடையது. சூரியன் கறுத்திருப்பது, படைப்பே துக்கம் காப்பது.

இயேசுவின் தலைக்கு மேலே ஒரு பலகை. "யூதர்களின் அரசன்" என்று இருக்க வேண்டிய இடம். ஒரு எழுத்துகூட இல்லை.

"கடவுளின் மௌனம்" என்று எழுதிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபாதர் அதைப் பிரசங்கத்திலேயே வாசித்தார். ஃப்ரேம் போட்டு வாசல் பக்கம் மாட்டினார்கள். கீழே என் பேர்.

தாத்தா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மௌனம் இல்லம்மா, சண்டை. நான் வரைஞ்சப்ப, அம்பதுகள்ல, சித்தூரு ஆந்திராவுக்கா மெட்ராசுக்கான்னு அடிச்சிக்கினு இருந்த டைம். தமிழ்ல எழுதுன்னு பாதிப் பேரு, தெலுங்குல எழுதுன்னு பாதிப் பேரு. பார்டர் முடிவாகட்டும், அப்பறம் எழுதலாம்னாரு அப்போ சர்ச்சுல இருந்த சாமியாரு. பார்டரும் முடிஞ்சிது. என்னை யாரும் கூப்டல."

கொஞ்சம் கழித்து, "இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்ன பிலாத்து அந்தப் பலகையில மூணு பாஷையில எழுதி வெச்சான். நம்மளால ரெண்டு முடியல பாரு" என்றார்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு சின்ன பிரஷ், ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட்டோடு சர்ச்சுக்கு வந்தார். "ரெண்டு பாஷையிலயும் எழுதிட்றேன் ஃபாதர். கண்ணு தெரியும்போதே முடிச்சிட்றேன்."

"வத்து தாத்தா" என்று தெலுங்கில் தடுத்தார் ஃபாதர். "வேண்டாம். அந்த மௌனத்தைப் பார்த்துதானே ஜனங்க இப்ப முட்டி போடறாங்க?"

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எழுதினது தப்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஃப்ரேமைக் கழற்றிவிடுவார்களோ என்று பயம்... குனிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சரி ஃபாதர்" என்று டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. முழங்கையை வைத்து அழுத்தினார்.

இன்று கல்லறையில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது சிம்பல் இல்லை, முடிக்காமல் நின்றுபோன வேலை என்று.

கேட்டுக்கொண்டே நின்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா... இப்ப யார் எழுதுவாங்க?"



போய் வாங்க தாத்தா. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்.